பழைய டிவி கேமு, பிஎஸ்2, பழைய கம்ப்யூட்டர புது டிவில மாட்டறது எப்படிங்க

அட்டாலில அட்டைப்பொட்டிக்குள்ள கட்டி வெச்ச டிவி கேமு, பிஎஸ்2, அப்பா காலத்து கம்ப்யூட்டர்னு எதையாச்சும் எறக்கி ஓட்டிப் பாக்கலாம்னா மொதல்ல இடிக்கறது புது டிவிதானுங்க. பின்னாடி பாத்தா ஹெச்டிஎம்ஐ ஓட்டை ரெண்டு மூணு இருக்கும், மஞ்சள் வெள்ளை சிவப்பு சாக்கெட்ட மட்டும் காணோம். ஒடனே ஆன்லைன்ல கண்ணுல பட்ட கன்வெர்ட்டர ஆர்டர் போட்டுறாதீங்க. மெஷின்ல இருந்து என்ன சிக்னல் வெளிய வருது, டிவி எத வாங்கிக்கும், இந்த ரெண்டும் தெரிஞ்சா நடுவுல என்ன போடோணும்கறது தானா தெரிஞ்சுரும். பாதி வீட்டுல நடுவுல எதுவுமே வேண்டியதில்லீங்க.

கரண்ட் விசயம் மொதல்ல. பல வருசமா சும்மா கெடந்த மெஷினோட அடாப்டர அப்படியே சொருகாதீங்க, மல்டிமீட்டர் வெச்சு வோல்ட் பாருங்க, பிளஸ் மைனஸ் பாருங்க. நம்மூர்ல கெடைக்கற 9 வோல்ட் அடாப்டர்ல நடு முனை பிளஸ்ஸா இருக்கறதுதான் எச்சா, ஆனா ஒரிஜினல் ஃபேமிகாம் (நின்டெண்டோவோட ஜப்பான் கேம் மெஷின்), ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் ரெண்டுக்கும் நடு முனை மைனஸ், காப்பி மெஷின்ல ரெண்டு மாதிரியும் உண்டு, அதனால மெஷின் அடியில போட்டிருக்கற சின்ன படத்த பாத்துட்டுத்தான் சொருகோணும். வயர் மாத்தறப்ப டிவியையும் மெஷினையும் ரெண்டையும் ஆஃப் பண்ணிருங்க.

இப்ப டிவி பின்னாடி நல்லா தேடுங்க. ஹெட்போன் ஓட்டை மாதிரியே சின்னதா ஒன்னு, பக்கத்துல ஏவி இன் (AV IN)னு எழுதியிருக்கும். மூணு சாக்கெட்டையும் சுருக்கி அந்த ஒரே ஓட்டைக்குள்ள வெச்சிருக்காங்க. டிவி கூட வந்த பையில ஒரு சாண் வயர், ஒரு பக்கம் சின்ன பின்னு, மறு பக்கம் மூணு கலரு, அதுதான் இதுக்கு. தொலைஞ்சு போச்சுன்னா கோயமுத்தூர் காந்திபுரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் ஸ்பேர் கடைல கேட்டா கெடைக்கும், ஆனா எல்லா வயரும் ஒன்னு கெடையாதுங்க, பின்னுல இருக்கற நாலு வளையத்துல எது படம் எது சத்தம்னு கம்பெனிக்கு கம்பெனி மாறும். படம் வராம ஸ்பீக்கர்ல கொர்ர்ருனு சத்தம் மட்டும் வந்தா மஞ்சளையும் சிவப்பையும் மாத்தி சொருகிப் பாருங்க, நெறைய வயர்ல அதுலயே சரியாயிரும். சரியாகலீன்னா அந்த வயர்ல கிரவுண்டே வேற எடத்துல இருக்கு, வேற வயர்தான் வாங்கோணும். இன்னொன்னு, சில டிவில மஞ்சள் சாக்கெட்டே இருக்காது, பச்சைக்கு சுத்தி ஒரு மஞ்சள் வளையம் போட்டிருக்கும், மஞ்சள் பின்ன அந்த பச்சைலயே சொருகோணும்.

சாமுராய், லிட்டில் மாஸ்டர், மீடியான்னு 90கள்ல நம்மூர் டிவிய எல்லாம் புடிச்சு வெச்சிருந்த கேசட் போடற கேமு இருக்குதுல்லீங்க, அதுல ரெண்டு வழி. பின்னாடி ரெண்டு ஓட்டை இருந்தா ஒன்னு படம், ஒன்னு சத்தம், அந்த ஒத்த சத்த வயர டிவில வெள்ளைல சொருகுங்க. ஒரே ஓட்டை, கேபிள் டிவி வயர் மாதிரி இருந்தா அது ஆர்எஃப், ஆன்டெனா சாக்கெட்டுல மாட்டி அனலாக்ல தேடோணும், ஆட்டோ தேடல்ல சில நேரம் தாண்டிப் போயிரும், மேனுவல்ல வச்சு விஹெச்எஃப் கீழ்ப்பக்கம் 3ம் சேனல், 4ம் சேனல் பக்கம் மெதுவா நகத்துங்க. புது டிவில அனலாக் டியூனரே இல்லாம டிஜிட்டல் மட்டும் இருந்தா படம் வரவே வராது. அப்ப வீட்டுல வீடியோ கேசட் போடற பழைய டெக்கு ஒன்னு கெடந்தா அத எறக்குங்க, டெக்குக்குள்ள டியூனர் இருக்கு, கேமோட ஆர்எஃப் வயர டெக்குக்கு குடுத்து டெக்குல இருந்து மஞ்சள் வெள்ளை வயர டிவிக்கு எடுத்துக்கலாம்.

படம் வருது ஆனா கருப்பு வெள்ளையா வருதுன்னு மெஷின் போச்சுன்னு எறிஞ்சுறாதீங்க. டிவி சிக்னல் முறை நாட்டுக்கு நாடு மாறும். இந்தியால பேல்ங்கற முறை, 625 கோடு, செகண்டுக்கு 50 தடவ திரைல வரையும். ஜப்பான் அமெரிக்கா மெஷின் எல்லாம் என்டிஎஸ்சி, 525 கோடு, 60 தடவ. டிவி மெனுல கலர் சிஸ்டம் பேல்ல நிக்குதுன்னா என்டிஎஸ்சி மெஷின் கருப்பு வெள்ளைதான், ஆட்டோல விட்டா கலர் வந்துரும்.

சரி, டிவில ஏவியே இல்ல, கன்வெர்ட்டர்தான் வேணும்னு வெச்சுக்குவோம். 500 ரூபா பக்கம் கெடைக்கற சின்ன பொட்டி வேலை செய்யும், படம் வரும். வாங்கறப்ப ஏவில இருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாத்தறதான்னு கேட்டு வாங்குங்க, ஹெச்டிஎம்ஐல இருந்து ஏவிக்கு மாத்தறதும் அதே சைசு அதே கலரு, அத வெச்சு இங்க ஒன்னும் ஆவாது. மூணு கலர் சாக்கெட்டுக்கு மேல இன்புட்னு எழுதியிருக்கோணும். பவர டிவி யுஎஸ்பில இருந்து எடுக்காம போன் சார்ஜர்ல குடுங்க, படம் அப்பப்ப கட் ஆனா பாதி நேரம் பவர் பத்தாததுதான் காரணம்.

ஆனா அந்த பொட்டில ஒரு பெரிய கொறை இருக்குதுங்க, இத மட்டும் நிதானமா படிங்க, ஏன்னா பழைய கேமோட உசுரே இங்கதான் இருக்கு. பழைய டிவி ஒரு படத்த ரெண்டு தடவையா போடும், மொதல்ல ஒத்தைப்படை கோடு, அப்பறம் ரெட்டைப்படை கோடு, இதுக்கு இன்டர்லேஸ்னு பேரு. கேசட் கேமு, பிஎஸ்1 மாதிரி மெஷினெல்லாம் அத ஏமாத்தி ரெண்டு தடவையும் ஒரே கோட்டு மேலயே போடும், சுமார் 240 கோடு, ஒவ்வொரு தடவையும் முழு படம். அதனாலதான் மரியோ அத்தன வெடுக்குனு குதிச்சான். இந்த மலிவு கன்வெர்ட்டருக்கு அது தெரியாது, இதையும் இன்டர்லேஸ்னு நெனச்சு ரெண்டு படத்த ஒன்னா கோத்துரும். விளைவு என்னன்னா அடி பட்டு மினுக்கு மினுக்குனு மின்னற ஆளு திடீர்னு காணாம போயிருவான், ஓடற ஆளோட விளிம்பு சீப்புப் பல்லு மாதிரி கிழியும், பட்டன அமுக்குனா சித்த நேரம் கழிச்சுத்தான் குதிப்பான். கை மறந்து போச்சுன்னு நெனச்சு வெச்சுட்டு போயிராதீங்க, உங்க கை நல்லாத்தான் இருக்கு, நடுவுல இருக்கற பொட்டிதான் லேட்டு.

அதுக்கு மொத மருந்து காசே இல்லாதது. டிவில கேம் மோட் போடுங்க, ஷார்ப்னெஸ்ஸ கொறைங்க, நாய்ஸ் ரிடக்‌ஷன், மோஷன் ஸ்மூத்திங் எல்லாத்தையும் அணைங்க, படத்த 4:3ல வெய்யிங்க. இழுத்து அகலமாக்குன படத்த பாக்கறப்ப எனக்கு மனசே ஆறதில்லீங்க, வட்டம் முட்டையா தெரியுது. காசு செலவு பண்ண தயார்னா ரெட்ரோடிங்க், ஓஎஸ்எஸ்சின்னு 240பிய, அதாவது அந்த 240 கோட்டு படத்த, தெரிஞ்சு நடத்தற ஸ்கேலருங்க (படத்த புது டிவிக்கு ஏத்த மாதிரி பெருசாக்கற பொட்டி) இருக்கு, லேட்டே தெரியாது. ஆனா ஒரிஜினல் ஓஎஸ்எஸ்சி மஞ்சள் வயர வாங்காது, காம்பொனன்ட் (படத்துக்கு பச்சை நீலம் சிவப்புன்னு மூணு வயரு), ஆர்ஜிபி (சிவப்பு பச்சை நீலம் தனித்தனியா வர்ற சிக்னல்), விஜிஏ (பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் சாக்கெட்) மட்டுந்தான், வாங்கறதுக்கு முன்ன உங்க மெஷின்ல அது வருதான்னு பாத்துக்கோங்க. சால்டரிங் தெரிஞ்சவங்களுக்கு ஜிபிஎஸ் 8200ன்னு ஒரு போர்டு இருக்கு, அதுல இஎஸ்பி8266 சிப்ப சேத்து ஜிபிஎஸ் கன்ட்ரோல் சாஃப்ட்வேர் போட்டா கம்மி செலவுல அருமையான படம். இதுக்கும் ஆர்ஜிபியோ காம்பொனன்ட்டோ விஜிஏவோதான் வேணும்.

பிஎஸ்2 வெச்சிருக்கறவங்களுக்கு கொஞ்சம் சுலபம். மஞ்சள் வயர விட்டுட்டு காம்பொனன்ட் வயர் வாங்குங்க, பச்சை நீலம் சிவப்பு படத்துக்கு, வெள்ளை சிவப்பு சத்தத்துக்கு, ரெண்டு சிவப்பு இருக்கறதால மாறிப் போயிரும், பாத்து சொருகுங்க. டிவில காம்பொனன்ட் இல்லீன்னா பின்னாடி நேரா சொருகற சின்ன ஹெச்டிஎம்ஐ அடாப்டர் இருக்கு. ரெண்டுக்கும் ஒரே விதி, மொதல்ல பழைய மஞ்சள் வயர்லயே ஆன் பண்ணி சிஸ்டம் கான்ஃபிகரேசன்ல காம்பொனன்ட் வீடியோ அவுட்ட ஆர்ஜிபில இருந்து மாத்தி ஒய் சிபி சிஆர்னு இருக்கறதுல வெச்சிருங்க. வெக்காம மாட்டுனா கலர் கண்டபடி வரும். அந்த அடாப்டர் படத்த பெருசாக்காது, வர்றத அப்படியே அனுப்பும், அதனால பிஎஸ்2 கேமு நல்லா வந்து பிஎஸ்1 டிஸ்க் போட்டா மட்டும் நோ சிக்னல்னா உங்க டிவிக்கு 240பி புடிக்கலைன்னு அர்த்தம், அடாப்டர குத்தம் சொல்லாதீங்க.

படத்துல ஓடற கோடு விழுந்தா வயரு மட்டும் காரணமா இருக்காது. சமையல்கட்டுல மிக்ஸி ஓடுதான்னு பாருங்க. மிக்ஸில பிரஷ் வெச்ச மோட்டார், தீப்பொறி வந்துட்டே இருக்கும், ஆர்எஃப் படத்துல அது பட்டு கொசகொசன்னு புள்ளியா விழும். நம்ம கோயமுத்தூர் கிரைண்டர்ல இண்டக்‌ஷன் மோட்டார், அது ஓடுனாலும் அவ்வளவா தெரியாது. சோமனூர் பல்லடம் பக்கம் தறி ஓடற லைன்ல வோல்டேஜ் ஏறி எறங்கும், அங்க பழைய மெஷினுக்கு ஒரு ஸ்டெபிலைசர் போடறது நல்லதுங்க.

பழைய பிசின்னா விஜிஏ தான், விஜிஏ டு ஹெச்டிஎம்ஐ அடாப்டர் போட்டா விண்டோஸ் நல்லா வரும், விண்டோஸுக்கு முந்தின டாஸ் ஸ்கிரீன் மட்டும் வராம போகலாம், ஏன்னா டாஸ் எழுத்து 720க்கு 400, 70 ஹெர்ட்ஸ், நெறைய டிவி அத ஏத்துக்காது. டிவியோட மல்லுக்கட்டாம ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட 17 இஞ்ச் சதுர எல்சிடி மானிட்டர் செகண்ட்ஸ்ல கெடைச்சா வாங்கிப் போடுங்க, அதுக்கு இதெல்லாம் பழக்கம். இன்னும் பழசா, விஜிஏக்கு முந்தின 9 பின்னு சிஜிஏ மெஷின்னா சாதா அடாப்டர் எதுவும் ஆவாது, அது டிஜிட்டல் சிக்னல், கோடு போடற வேகமும் பழைய டிவி மாதிரி 15 கிலோஹெர்ட்ஸ்தான். 1984ல பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் சொல்லிக்குடுக்க அரசு கொண்டாந்த கிளாஸ் திட்டத்துல வந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரும் அப்படித்தான், ஆர்ஜிபி 5 வோல்ட் டிஜிட்டலா வரும், சாதா அனலாக் ஆர்ஜிபி சாக்கெட் 0.7 வோல்ட்தான் எதிர்பாக்கும், நேரா குடுக்கக் கூடாது. ரெண்டுக்கும் சேத்து ஆர்ஜிபி டு ஹெச்டிஎம்ஐன்னு ராஸ்பெர்ரி பை ஜீரோங்கற குட்டி கம்ப்யூட்டர வெச்சு செய்யற போர்டு இருக்கு, ஒரு புள்ளி கூட கொழையாம காட்டும், அந்த எழுத்த பாத்தா கண்ணுல ஒத்திக்கலாம். பிபிசிய ஆன் பண்றதுக்கு முன்ன பவர் சப்ளைல இருக்கற ரிஃபா கம்பெனி பழைய கப்பாசிட்டர மாத்திருங்க, வெடிச்சு வீடே பொகையாயிரும்.

துப்பாக்கி வெச்சு வாத்து சுடற கேமு மட்டும் புது டிவில எந்த பொட்டி போட்டாலும் நடக்காதுங்க. டிரிக்கர அமுக்குன ஒடனே திரை கருத்து வாத்து இருக்கற எடம் மட்டும் வெள்ளையா மின்னும், துப்பாக்கி அந்த வெளிச்சத்த அந்த நொடியே பாக்கோணும், எல்சிடில அது லேட்டா வரும். அதுக்கு பழைய சொலிடேரோ டயனோராவோ ஒனிடாவோ ஓடற நெலமைல இருந்தா ஆக்கர் கடைக்கு போடாம வெச்சுக்கோங்க. ரிப்பேர்னா பழைய டிவி மெக்கானிக் கிட்ட குடுங்க, நீங்க பின்மூடிய கழட்டாதீங்க, கலர் டிவில பிக்சர் டியூபுக்கு 20,000 வோல்ட்டுக்கு மேல போகும், சுவிட்ச அணைச்ச பொறவும் அது உள்ள நிக்கும்.