முதல் குவில்ட்டுக்குத் தையல் டிசைன் எடுக்கும்போது

போன சனிக்கிழமை குவில்ட் வகுப்புக்கு வந்த ஒரு பெண் ஃபோனை நீட்டினார். (மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் அடுக்கிச் சேர்த்துத் தைக்கிற போர்வைதான் குவில்ட்.) திரை முழுக்க இறகு டிசைன், வளைவுக்குள் வளைவு. "அக்கா, இதையே என் முதல் குவில்ட்டில் போட்டுடலாமா?" என்று கேட்டார். பதினொரு வருடத்துக்கு முன் நானும் இதே ஆசையோடுதான் மெஷின்முன் உட்கார்ந்தேன். நூல் அறுவது, ஊசி முறிவது, தையல் கோணுவது எல்லாம் கை பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. டிசைன் எடுக்கும்போது செய்கிற தவறுகள் அப்படிப் போவதில்லை. முதல் தையல் விழும் முன்பே அவை நடந்து முடிந்திருக்கும்.

நடுவில் நெருக்கம், ஓரத்தில் விலகல்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

அக்கா மகளுக்காக 60 அங்குலச் சதுரத்தில் ஒரு குவில்ட் தைத்தேன். நடுவே பெரிய நட்சத்திரம். அதைச் சுற்றிக் கால் அங்குல இடைவெளியில் நெளிந்து நெளிந்து ஓடும் ஸ்டிப்ளிங். மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து போட்டேன். ஓரப்பட்டைக்கு வந்தபோது கை ஓய்ந்துவிட்டது. ஆறு அங்குலத்துக்கு ஒரு நேர்கோடு என்று முடித்துக்கொண்டேன். தரையில் விரித்தால் நடுப்பகுதி இறுகிக் கிடக்கிறது, ஓரமெல்லாம் பொரித்த அப்பளம்போல் அலை அலையாய் எழும்பி நிற்கிறது. இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினேன், நீராவி கொடுத்துப் பார்த்தேன். படியவில்லை.

ஒவ்வொரு தையலும் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடித்துத் துளி உள்ளே இழுக்கிறது. தையல் நெருங்க நெருங்க அந்த இடம் சுருங்கும். விலகித் தைத்த இடம் ஏறக்குறைய பழைய அளவிலேயே நிற்கும். அங்கே மிஞ்சுகிற துணிக்குப் போக்கிடம் இல்லாமல் மேலே எழும்புகிறது. இதற்கு இரண்டே வழி: நடுவைப் பிரிக்க வேண்டும், இல்லை ஓரத்தையும் அதே நெருக்கத்துக்குத் தைக்க வேண்டும். கால் அங்குல நெளிவைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஓரத்தைத் தைத்தேன், இன்னும் ஐந்து வாரம். அலை அடங்கியது. ஆனால் குவில்ட் பலகைபோல் விறைத்துவிட்டது. குழந்தை அதைப் போர்த்திக்கொள்ளவே இல்லை.

"நடுவில் அழகாப் போட்டுட்டு ஓரத்தைச் சும்மா விட்டுடலாம்" என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது சொல்கிறார்கள். விடாதீர்கள். ஓரம் முழுக்க எந்த நெருக்கத்தில் தைக்க உங்களுக்குப் பொறுமை இருக்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், நடுவுக்கும் அதையே வையுங்கள். 12 அங்குலச் சதுரம் ஒன்றை மூன்று அடுக்காக வைத்து அதே டிசைனைப் போட்டு, தைக்கும் முன்னும் பின்னும் அளந்து பார்த்தால் எவ்வளவு இழுக்கிறது என்பது கையிலேயே தெரியும்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி சமூகப் பெண்கள் பழைய சேலைகளையும் துணிகளையும் கொண்டு தைக்கிற கவந்தி என்ற குவில்ட்டைப் பாருங்கள். வெளி ஓரத்தில் தொடங்கி, வரிசை வரிசையாகக் கையாலேயே ரன்னிங் தையல் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். ஓரத்தில் என்ன நெருக்கமோ நடுவிலும் அதுதான்.

பஞ்சு உறையைப் படிக்காதது

குவில்ட்டுக்கென்று விற்கும் பஞ்சு விரிப்பின் உறையில், தையல் வரிகள் அதிகபட்சம் எத்தனை அங்குலம் விலகலாம் என்று அச்சிட்டிருக்கும். சிலவற்றுக்கு 3 அல்லது 4 அங்குலம், சிலவற்றுக்கு 8 முதல் 10 வரை. அதைத் தாண்டிய டிசைனைப் போட்டால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு நகர்ந்து கட்டி கட்டியாகும். கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் பஞ்சுக்கு உறையே கிடையாது. அதில் நான் 3 அங்குலத்தைத் தாண்டுவதில்லை.

பூப்போட்ட துணிமேல் இறகு டிசைன்

கண்ணுக்கே தெரியாது. வெற்றுத் துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விட்டு விட்டுப் போகும் டிசைன்

தனித்தனிப் பூ, தனித்தனி இதயம். வரைவதற்குச் சுலபம்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தொடக்கத்தில் இரண்டு நூல்முனை, முடிவில் இரண்டு. 40 பூவுக்கு 160 முனை. அத்தனையையும் முடிச்சிட்டு, ஊசியில் கோத்துப் பஞ்சுக்குள் புதைக்க வேண்டும். எடுத்த டிசைனை முதலில் தாளில் பென்சிலைத் தூக்காமல் வரைந்து பாருங்கள். தாளில் தூக்க வேண்டிய இடத்தில் மெஷினிலும் நூலை வெட்டத்தான் வேண்டும்.

வாக்கிங் ஃபுட்டை வைத்துக்கொண்டு சின்ன வட்டம்

வாக்கிங் ஃபுட் என்பது அடுக்குகளைச் சேர்த்து ஒன்றாக நகர்த்துகிற மெஷின் பாதம். அது நேர்கோட்டுக்கும் மெல்லிய வளைவுக்கும்தான். சின்ன வட்டம் போட, மெஷினின் கைக்கடியில் குவில்ட் முழுவதையும் சுருட்டித் திருப்ப வேண்டியிருக்கும், தோள் போய்விடும். இறகு, நெளிவு எல்லாம், அடியிலிருந்து துணியைத் தள்ளும் மெஷின் பல்லை இறக்கிவிட்டுத் துணியைக் கையால் நகர்த்திப் போடுகிற வேலை. அது தனியாகப் பழக வேண்டியது. அதனால் ஃபோன் நீட்டிய பெண்ணுக்கு இரண்டு அங்குலக் குறுக்குக் கட்டம் கொடுத்தேன். இறகை ஒரு தலையணை உறையில் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார்.

பளிச்சென்ற நூல்

முதல் குவில்ட்டுக்கு வேண்டாம். துணியின் நிறத்திலேயே எடுங்கள்.