மகள் பெரியவளாவதற்கு முன்பே சொல்லி வைக்க வேண்டியது

பெண்ணுக்கு ஒன்பது, பத்து வயதாகிறதா? இந்த வாரமே மாதவிடாய் பற்றிப் பேசிவிடுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, ஏழாம் வகுப்பில் பாவாடையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு எங்கேயோ அடிபட்டிருக்கிறது என்று நினைத்து, கடைசி மணி அடிக்கும் வரை பெஞ்சை விட்டு எழவே இல்லை.

பிரசங்கம் வேண்டாம். கர்ப்பப்பைக்குள் மாதாமாதம் மெத்தை மாதிரி ஒரு படலம் வளரும், கரு தங்கவில்லை என்றால் அது உதிர்ந்து ரத்தத்தோடு வெளியே வந்துவிடும், அழுக்கு ரத்தம் என்று ஒன்று கிடையாது என்று சொன்னால் போதும். அப்புறம் ஒரு பேடைக் கையில் கொடுத்து ஜட்டியில் ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிப் பையில் இரண்டு பேட், ஒரு ஜட்டி, சுற்றிப் போட பழைய பேப்பர் எப்போதும் இருக்கட்டும். நனைந்ததோ இல்லையோ, 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். துணி வைப்பதில் தப்பில்லை, அதைப் பாவாடைக்கு அடியில் ஒளித்துக் காயப்போடுவதுதான் தப்பு. நல்ல வெயில் பட வேண்டும்.

முதல் இரண்டு வருடம் தேதி முன்னே பின்னே போகும், காலண்டரில் வட்டம் போடப் பழக்குங்கள். வலிக்கு வெந்நீர் ஒத்தடம். டாக்டர் சொன்ன மாத்திரை இருந்தால் வலி தொடங்கியதுமே போட வேண்டும், சுருண்டு படுத்த பிறகு போட்டால் அவ்வளவாகக் கேட்காது. பள்ளிக்கே போக முடியாத வலி, 7 நாளைத் தாண்டும் ரத்தப்போக்கு, மணிக்கொரு பேட் நனைவது, 15 வயதாகியும் வராமல் இருப்பது, இதற்கெல்லாம் டாக்டரிடம்தான் போக வேண்டும். 'பொம்பளைப் பிள்ளைன்னா பொறுத்துக்கணும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வருவதற்கு முந்தைய சில நாட்களில் காரணமில்லாமல் அழுவாள், எரிந்து விழுவாள். அது ஹார்மோன் வேலை என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயப்பட மாட்டாள். அதற்காக அவள் கோபப்படும்போதெல்லாம் 'அந்த நாளா?' என்று கேட்காதீர்கள், நியாயமான கோபமாகக்கூட இருக்கலாம்.

பாட்டி உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கட்டும், நல்லதுதான். தனித்தட்டு, தனிப்பாய், மூலையில் உட்கார் என்று ஆரம்பித்தால் நீங்கள்தான் குறுக்கே நிற்க வேண்டும். சடங்கு வைப்பதென்றால் அவளைக் கேளுங்கள். என் பெண் பட்டுப்பாவாடை சரி, தெருமுனையில் ஃபிளெக்ஸ் வேண்டாம் என்றாள்.

அப்பாவையும் ஒருமுறை பேட் வாங்க அனுப்புங்கள். கடைக்காரர் பேப்பரில் சுற்ற ஆரம்பித்தால், 'சுத்த வேணாம், அப்படியே கொடுங்க' என்று சொல்லச் சொல்லி அனுப்புங்கள்.