அலாஸ்கா ரேலிக்குப் புளியரையில் பயிற்சி: மீட்டரை ஒத்துப்பார்ப்பது எப்படி?

அல்கான் 5000 என்று ஒரு கார் ரேலி இருக்கிறது. 1984இல் தொடங்கியது. அமெரிக்காவின் வடமேற்கில் கிளம்பி, கனடா வழியாக அலாஸ்கா வரை போகும். முந்துகிறவர் ஜெயிப்பதில்லை. சொன்ன சராசரி வேகத்தில் சொன்ன நொடிக்கு வந்து சேர வேண்டும். சீக்கிரம் வந்தாலும் புள்ளி போகும். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருந்து வழியும் நேரமும் சொல்லும் நேவிகேட்டராக உட்கார ஆசைப்படுபவர், புளியரை வழியாகப் போகும் செங்கோட்டை–ஆரியங்காவு ரோட்டிலேயே பழகலாம்.

1. கணக்கு. 3600ஐ வேகத்தால் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கான நொடி கிடைக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் 90 நொடி, 45க்கு 80, 50க்கு 72. இதை மனப்பாடம் செய்துவிடுங்கள்.

2. தூரம் காட்டும் மீட்டர். முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். நடத்துபவர்கள் தங்கள் வண்டியில் அளந்துதான், எத்தனையாவது கிலோமீட்டரில் எங்கே திரும்புவது என்று சொல்லும் ரோடு புக்கை எழுதுவார்கள். உங்கள் மீட்டர் வேறு மாதிரி காட்டும். புத்தகத்தில் 10.00 என்று இருக்கும் இடத்தில் உங்களுக்கு 10.35 வந்தால், அதன் பிறகு புத்தகத் தூரம் எல்லாவற்றையும் 1.035ஆல் பெருக்க வேண்டும். 24.60இல் இடதுபக்கம் திரும்பு என்றால் உங்கள் மீட்டரில் அது 25.46. இதைச் செய்யாவிட்டால் 40 வேகத்தில் பத்து கிலோமீட்டருக்குள் 31 நொடி போய்விடும்.

பழகுவதற்கு மைல்கல்லை நம்பாதீர்கள், இடைவெளி ஒரே மாதிரி இருக்காது. கூட்டாளி ஒருவர் தன் வண்டியில் முன்னால் போய், வளைவு, பாலம், கோயில் என்று தூரம் குறித்து வரட்டும். அதுதான் உங்கள் ரோடு புக். கிளம்பும் முன், டயர் சூடேறாதபோதே காற்று பார்த்துவிடுங்கள்.

காரின் ட்ரிப் மீட்டர் 100 மீட்டருக்கு ஒருமுறைதான் மாறும். 40 வேகத்தில் அது 9 நொடி. பத்து மீட்டர் காட்டும் தனி மீட்டர் வாங்குங்கள். எழுத பென்சில்தான், கடுங்குளிரில் பால்பாயின்ட் பேனா மக்கர் பண்ணும்.

3. விட்டதைப் பிடித்தல். புளியரை எஸ் வளைவில் லாரிக்குப் பின்னால் மாட்டி 20 நொடி போய்விட்டதா? பதறாதீர்கள். சொன்ன வேகம் 40 என்றால், நேர்ரோடு வந்ததும் 50இல் போனால் கிலோமீட்டருக்கு 18 நொடி திரும்பக் கிடைக்கும். வளைவுக்குள் முந்தவே கூடாது, அங்கே ஜனங்கள் நடந்து போகிறார்கள்.

4. வடக்கில். கனடாவின் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை 700 கிலோமீட்டருக்கு மேல் சரளை ரோடு, பெட்ரோல் பங்க் அபூர்வம். பனியில் சக்கரம் வழுக்கிச் சுற்றினால் மீட்டர் கூடுதலாகக் காட்டும். வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கினால் டயரில் காற்று சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும், மீட்டர் காட்டுவதும் கொஞ்சம் மாறும். அதனால் தினமும் காலையில் மீட்டரை ஒத்துப்பாருங்கள்.

பிற்சேர்க்கை: ஜி.பி.எஸ். இருந்தால் இதெல்லாம் வேண்டுமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். வேண்டும். மரம் மூடிய மலை வளைவில் ஜி.பி.எஸ். வளைவை வெட்டிக் குறைத்து அளக்கும். ஆரியங்காவு இறக்கத்தில் ஜி.பி.எஸ்.ஸையும் மீட்டரையும் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள், தெரியும்.