மொரீஷியஸ் போன கொள்ளுத்தாத்தாவைத் தேடுவது எப்படி?

பெயரில் தொடங்காதீர்கள், எண்ணைத் தேடுங்கள். மொரீஷியஸில் 1835-இல் அடிமை முறை ஒழிந்தபோது இழப்பீடு கிடைத்தது உடைமையாளர்களுக்கு; விடுதலையானவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை. விடுதலைக்குப் பிறகும் பழைய உடைமையாளரிடமே வேலை செய்யவேண்டியிருந்த கட்டாயப் பயிற்சிக் காலமும் 1839-இல் முடிந்ததும் அவர்களில் பெரும்பாலோர் தோட்டங்களை விட்டு விலகினார்கள். அவர்களுக்குப் பதிலாகக் கரும்பு வெட்ட, தோட்ட முதலாளிகளுக்காக நம்மவர்களைக் கப்பலேற்றினார்கள். மொரீஷியஸின் துறைமுகத் தலைநகரான போர்ட் லூயியில் இறங்கிய கூலிகளுக்கு ஆளுக்கோர் எண்.

பழைய திருமணச் சான்றிதழில் அந்த எண் இருக்கக்கூடும். எனக்குப் பாட்டியின் தகரப் பெட்டியில், மடிப்பெல்லாம் கிழிந்த காகிதத்தில் கிடைத்தது. அந்த எண்ணோடு மொரீஷியஸின் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்துக்குச் செல்லுங்கள். பதிவேட்டில் கப்பல், வயது, தந்தை பெயர், ஊர், சாதி, உயரம், உடம்பிலுள்ள தழும்புகூட இருக்கும். மாட்டுக்குப் போடும் அடையாளம் போலத்தான். ஆனால் இன்று நமக்கு அதுவே துணை.

எழுத்துக்கூட்டல் படுத்தும். எழுத்தர் காதில் விழுந்ததுதான் பெயர். முத்துசாமி ‘மூட்டூசாமி’ ஆகியிருப்பார். ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படியுங்கள், பிடிபடும்.

கூலிக் கணக்கு கிடைத்தால் வெட்டுகளைக் கவனியுங்கள்: ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலி போகும். பிறகு நிலப் பத்திரங்கள். 1870-களுக்குப் பின் தோட்டக்காரர்கள் நிலத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். வாங்கியவர்களில் உங்கள் தாத்தாவும் இருக்கலாம்.