நிரலுக்கு ஒரு பூட்டு, ஈஈப்ராமுக்கு இன்னொன்று

தேக்காவில் மாவு அரைத்து விற்கும் கடை ஒன்றுக்கு டைமர் போர்டு செய்து கொடுத்தேன். உள்ளே பிக்16எஃப்628ஏ என்னும் மைக்ரோகண்ட்ரோலர் சிப். நேரத்தைக் கடைக்காரர் மட்டும் மாற்ற நான்கு இலக்க ரகசிய எண். அதை மின்சாரம் போனாலும் அழியாத ஈஈப்ராம் நினைவகத்தில் வைத்தேன். சிப்பைப் பிறர் படிக்காமல் தடுக்கும் கோட் புரொடெக்ட் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்தேன். பழுதுக்குத் திரும்பி வந்த போர்டை, சிப்பில் எழுதவும் படிக்கவும் உதவும் பிக்கிட் கருவியில் செருகிப் படித்தால், நிரல் பகுதி முழுக்க 0000, அதாவது பூட்டியிருக்கிறது. அதன் கீழே, ஈஈப்ராம் கட்டத்தின் முதல் வரிசையில் 34 37 31 39. எழுத்துகளை எண்களாகக் குறிக்கும் ஆஸ்கி தெரிந்த எவருக்கும் அது 4719.

இந்தச் சிப்பில் பூட்டு இரண்டு. சிபி என்பது நிரல் இருக்கும் 2048 சொற்கள் கொண்ட ஃபிளாஷுக்கு, சிபிடி என்பது 128 பைட் ஈஈப்ராமுக்கு. நிரலில் சிப்பின் அமைப்புகளைச் சொல்லும் கான்ஃபிக் வரியில் இரண்டையும் நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும். வேறு சிப் என்றால் அதன் டேட்டாஷீட்டில் கான்ஃபிக் பக்கத்தை முதலில் பாருங்கள்.

சோதித்து முடிக்கும்வரை இரண்டும் ஆஃபில் இருக்கட்டும். பூட்டிய பின் திறக்க ஒரே வழி மொத்த அழிப்பு. அதில் நிரலும் ஈஈப்ராமும் சேர்ந்தே போய்விடும். கடைக்காரர் மாதக்கணக்கில் சரிபார்த்து வைத்த நேரங்களும் அதில் அடக்கம். அதனால் அவற்றை முன்பே எழுதி வையுங்கள்.

சிப்பில் நிரலை எழுதி முடித்ததும் பிக்கிட் மென்பொருளை மூடித் திறந்து, ஹெக்ஸ் கோப்பை (சிப்பில் எழுதும் நிரல் கோப்பு) ஏற்றாமல் சிப்பைப் படியுங்கள். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. முன்பு திரையில் தெரிந்தது கணினியில் இருந்த உங்கள் கோப்பாகவே இருக்கலாம்.

பூட்டினாலும், சிப்பை அடையாளம் காண நாம் எழுதி வைக்கும் நான்கு ஐடி இடங்களைப் படிக்க முடியும். ரகசியம் எதையும் அங்கே வைக்காதீர்கள். பதிப்பு எண்ணுக்கு அருமையான இடம். சோதனைக்காக ஈஈப்ராமில் உள்ளதை சீரியல் கம்பி வழியே கணினிக்கு அனுப்பும் கட்டளை எழுதியிருந்தால் நீக்கிவிடுங்கள். உங்கள் நிரலே படித்துச் சொன்னால் எந்தப் பூட்டும் தடுக்காது.

நம் சிங்கப்பூரில் வேலை செய்யும் வன்பொருள் வல்லுநர் பன்னி ஹுவாங், பிக்18எஃப்1320 சிப்பின் மேலுறையைக் கரைத்து, ஃபிளாஷ் மீது ஒளி படாதபடி நாடாத் துண்டை ஒட்டி, புற ஊதா ஒளியால் பூட்டு பிட்டுகளை மட்டும் அழித்துக் காட்டியிருக்கிறார். அந்த அளவுக்கு மெனக்கெடுபவரை இந்தப் பூட்டு நிறுத்தாது. பக்கத்துக் கடைக்காரரின் பிக்கிட்டை நிறுத்தும்.

கடைக்காரரிடம் நடந்ததைச் சொல்லி, இரண்டு பூட்டும் போட்டு, புது எண்ணை அவரையே அழுத்த வைத்தேன்.