குழந்தை மொழி ஆய்வுக்குப் பதிவு எடுக்கும் முன்

குழந்தைகளின் மொழி வளர்ச்சியில் புராஜெக்ட் செய்யும் மாணவர்கள், பதிவு எடுக்கக் கிளம்பும் முன், பல மொழிக் குழந்தைகளின் பேச்சை எழுத்தாக்கித் தொகுத்திருக்கும் 'சைல்ட்ஸ்' (CHILDES) தரவுத்தளத்தைப் பாருங்கள். 1984-இல் பிரையன் மேக்வின்னியும் கேத்தரின் ஸ்னோவும் தொடங்கியது, கட்டணம் கிடையாது. தமிழ்க் குழந்தைப் பேச்சும் அதில் இருக்கிறது.

ஒரு மணி நேரக் குழந்தைப் பேச்சைக் கேட்டு எழுதவே பல மணி நேரம் பிடிக்கும். இங்கே அது எழுதியே கிடைக்கிறது. 'கிளான்' என்ற இலவச மென்பொருள் சொற்களை எண்ணியும் தரும். ஆனால் தமிழில் உருபன் (பொருள் தரும் மிகச் சிறிய சொற்கூறு) எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். 'வந்துட்டேன்' போன்ற சொல்லை நீங்களே பிரித்துக் குறிக்க வேண்டும்.

உங்கள் ஊர் அங்கன்வாடிக் குழந்தைகளின் எழுத்தறிமுகம்தான் கேள்வி என்றால் இது உதவாது. பெற்றோர் ஒப்புதலோடு நேரில்தான் போக வேண்டும்.