கான்கர் ஆட்டம்: துளை போடுவதில் இருக்கிறது பாதி வெற்றி

செப்டம்பர் பிற்பாதியில் அயர்லாந்துக் கிராமங்களில் ஹார்ஸ் செஸ்ட்நட் மரங்கள் காய் உதிர்க்கும். முள் ஓட்டைப் பிரித்தால் பளபளவென்று பழுப்புக் கொட்டை. அதுதான் கான்கர். கயிற்றில் கோத்து, எதிராளியின் கொட்டையை உடைக்க வேண்டும். நம் பம்பரத்தில் ஆக்கர் குத்தும் வெறி இதிலும் உண்டு.

பெரிய கொட்டையைத் தேடாதீர்கள். கெட்டியாக, இரு பக்கமும் ஒரே அளவில், கீறல் இல்லாமல் இருந்தால் போதும். புதிதாகப் பொறுக்கியவற்றைத் தண்ணீரில் போடுங்கள். மிதப்பவை பெரும்பாலும் உள்ளே பொள்ளலானவை, ஒதுக்கிவிடுங்கள்.

அதிகக் கொட்டைகள் வீணாவது துளையிடும்போதுதான். மழுங்கிய ஆணியைக் குத்தினால் தோல் வெடிக்கும். அந்த வெடிப்பு முதல் அடியிலேயே பிளந்துவிடும். மெல்லிய, கூரான கம்பியை நட்டநடுவில் நேராக, திருகித் திருகி இறக்குங்கள். கையில் பிடித்துக் குத்தக் கூடாது. களிமண் உருண்டைமேல் அமுக்கி வைத்துப் பெரியவர் யாராவது செய்யட்டும். துளை கயிறு நுழையும் அளவுக்கு மட்டும் போதும். ஓரமாகப் போனால் ஒரு பக்கச் சுவர் மெலிந்து அங்கேதான் உடையும்.

ஷூ லேஸ் நல்ல கயிறு. அடியில் கனமான முடிச்சு. மறுமுனையைக் கையில் சுற்றிய பிறகு சுமார் 20 செ.மீ. தொங்க வேண்டும்.

ஒருவர் கையை நீட்டித் தன் கொட்டையை அசையாமல் தொங்கவிடுவார். மற்றவர் தன்னுடையதை விரலில் பிடித்துப் பின்னிழுத்து மேலிருந்து அடிப்பார். ஆளுக்கு மூன்று அடி, பிறகு முறை மாறும். கயிறுகள் சிக்கினால் முதலில் ‘ஸ்ட்ரிங்ஸ்’ என்று கத்துபவருக்குக் கூடுதல் அடி தருவது பல இடங்களில் வழக்கம். தொங்கவிடும் கையை முகத்திலிருந்து தள்ளியே வையுங்கள், சில்லு கண்ணில் தெறிக்கும்.

கணக்கு கொட்டைக்குத்தான், ஆளுக்கு இல்லை. புதுக் கொட்டை இன்னொரு புதுக் கொட்டையை உடைத்தால் 1. ஏற்கெனவே 3 எடுத்ததை உடைத்தால் அந்த 3, உடைத்ததற்கு 1, ஆக 4 சேரும்.

கொட்டை கெட்டியாகட்டும் என்று வினிகரில் ஊறவைப்பது, அடுப்பில் வாட்டுவது, போன வருடக் கொட்டையை ஒளித்துக் கொண்டுவருவது எல்லாமே கள்ளாட்டம். கில்கென்னி மாவட்டத்து ஃப்ரெஷ்ஃபோர்டில் இதற்கு அயர்லாந்து சாம்பியன் போட்டியே நடந்திருக்கிறது.

சிறு பிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இது நஞ்சு. தின்னும் செஸ்ட்நட் வேறு. அதன் ஓட்டில் ஊசிபோல் அடர்ந்த முள், கொட்டையில் கூரான நுனி. கான்கர் ஓட்டில் முள் குட்டை, இடைவெளி அதிகம்; கொட்டை மொழுமொழுவென்றிருக்கும்.